எங்கள் டெக்கில் மாமா செத்த குளிர்காலம்

போனைக் கைநீட்டித் தூரப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு வாசிக்கிற என் வயதுக்காரரே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். முதல் வசனத்திலேயே "டெக் எண்டா வட் அம்மா?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீடியோ ரேப்பை வாயில் வைத்ததும் 'கிறுக்' என்று விழுங்குமே, அந்தச் சத்தம் இன்னும் உங்கள் காதில் இருக்கும்.

போன மாதம் என் மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தி சொன்னாள். இந்தோனேசியப் பேய்ப்படம் ஒன்று ஸ்காபரோ தியேட்டருக்கு வருகிறதாம், அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் இப்போது இந்தோனேசியப் படங்களில்தான் பைத்தியமாம். "திஸ் இஸ் த நியூ திங், அம்மா," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் புதுச் சாமானை நான் உன்னிலும் சின்ன வயதில் பார்த்து அழுது முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் காலத்தில் அதெல்லாம் எங்கே கிடைத்தது என்று அவள் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் இருந்தோம். அந்தக் கோடையில்தான் முன்கட்டடத்தில் இருந்து இதற்கு மாறினோம். கூப்பிடு தூரம்தான். மெத்தை, பானை சட்டி, சாமிப்படம் எல்லாவற்றையும் கடைத் தள்ளுவண்டியில் வைத்து அப்பா தள்ள, அண்ணாவும் நானும் பின்னால் நடந்தோம். ரெலிபோன் நம்பர் மட்டும் எங்களோடு வரவில்லை. அது அந்த வீட்டைப் பங்குபோட்டிருந்த இன்னொருவர் பெயரில் இருந்தது. அவர் மொன்றியலுக்குப் போனபோது நம்பரும் போய்விட்டது. இந்த நம்பர் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

அப்பா ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். கனடாவில் அவர் வாங்கிய முதல் பெரிய சாமான் செற்றி அல்ல, கட்டில் அல்ல, ஒரு மல்ரி சிஸ்டம் டெக். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் எடுத்த கலியாண வீட்டு ரேப்பை இங்கே வாங்கிய சாதாரண டெக்கில் போட்டால் மணவறையும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது, கோடு கோடாய் மழைதான் பெய்யும். இந்த டெக் எந்த நாட்டு ரேப்பையும் ஓட்டும். அம்மா அதற்கு வெள்ளை நூலில் ஒரு மூடி பின்னிப் போட்டிருந்தா. அப்பாவைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது என்பது வீட்டின் சட்டம். தூசி தட்டுவதுகூட அவர்தான்.

முதல் பனி கொட்டிய கிழமை எதிர்வீட்டு அன்ரி கதவைத் தட்டினா. இந்தோனேசியக்காரி. பூப்போட்ட நீளச் சட்டை, காலில் குளியலறைச் செருப்பு, கையில் ஒரு ரேப். ஜகார்த்தாவில் இருந்து தங்கச்சி அனுப்பியதாம், தன்னுடைய டெக்கில் போட்டால் கோடு கோடாய் ஓடுகிறதாம். வீடியோக் கடைக்காரரிடம் போய்க் கேட்க, அவர் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார். அவவுடைய இங்கிலிசும் அம்மாவுடைய இங்கிலிசும் ஒரே அளவு. அதனால் இரண்டு பேருக்கும் கதை உடனே ஒத்துப்போனது.

அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, தன் டெக்கின் புகழ் கடைத்தெரு வரைக்கும் போயிருக்கிறது என்று விளங்கியதும் மூடியை மெதுவாகக் கழற்றினார்.

"எந்த நாட்டுச் சாமானும் ஓடும் எண்டு சொல்லு அவவுக்கு," என்று அண்ணாவிடம் சொன்னார்.

ஓடியது. அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் இந்தோனேசியா வந்தது.

அது ஒரு தொடர் நாடகம். மாளிகை மாதிரி ஒரு வீடு. அதில் கொண்டை போட்ட ஒரு பணக்காரி. கொண்டை என்றால் சும்மா கொண்டை இல்லை, பலாக்காயைத் தலையில் கவிழ்த்த அளவு. நாங்கள் அவவுக்குக் கொண்டைக்காரி என்றே பெயர் வைத்தோம். அந்த வீட்டில் வேலைக்கு நிற்கிற ஏழைப் பெண்தான் உண்மையான சொத்துக்காரி. அது எங்களுக்கெல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. யாராவது ஒரு வார்த்தை பேசினால் கமரா ஒவ்வொருவருடைய முகத்துக்கும் ஓடிப்போய் மூக்கில் முட்டும், இடி இடிக்கும். அன்ரி இந்தோனேசியனை இங்கிலிசாக்குவா, அண்ணா இங்கிலிசைத் தமிழாக்குவான். அவனுக்குப் பதின்மூன்று வயது. காதல் கட்டங்கள் வந்தால் "சும்மா ஏதோ கதைக்கினம்" என்று முடித்துவிடுவான்.

அன்ரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்களுடைய நாட்டில் ஒரேயொரு அரசாங்க ரீவிதானாம். மந்திரி ரிபன் வெட்டுவார், விவசாயி உரம் போடுவார், பிறகு செய்தி, பிறகு நித்திரை. இப்போது தனியார் ரீவிகள் ஒன்றின் பின் ஒன்றாக வந்துவிட்டன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இரவும் ஒரு நாடகம் வேண்டும், நாடகம் தொடங்கினால் தங்கச்சி வீட்டில் அடுப்பே எரியாது என்று சொல்லிச் சிரித்தா. நடிக்க ஆள் காணாமல் தெருவில் நிற்கிறவர்களையும் கூப்பிட்டு நிறுத்துகிறார்களாம். அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவவிடம் பாட்டுக் கசெற்றுகளும் இருந்தன. தபேலா மாதிரி ஒரு மேளம், ஒரு புல்லாங்குழல், அதற்கு மேலே நெஞ்சைப் பிழிகிற குரல். மேளம் டங், டுட் என்று விழுவதால் அந்தப் பாட்டுக்கே டங்டுட் என்றுதான் பெயராம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டுவா.

"உது எங்கட பக்கத்துப் பாட்டு. இந்தியாவிலை இருந்து சுட்டிட்டாங்கள்," என்றார் அப்பா.

அண்ணா அதை அப்படியே அன்ரியிடம் மொழிபெயர்த்து வைத்தான். அவ கோபிக்கவில்லை. ஓம், இந்தியாவில் இருந்தும் எடுத்தோம், அரபியில் இருந்தும் எடுத்தோம், நல்லது எங்கே கிடைத்தாலும் எடுத்து எங்கள் சட்டியில் போட்டோம் என்றா.

"கறிக்குப் போடுற மிளகாயும் வெளியிலை இருந்து வந்ததுதானாம். அதுக்காக நீங்கள் கறியைத் தள்ளி வைக்கிறியளோ?" என்று அம்மா கேட்டா. அப்பா சாப்பாட்டுக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

இனி மாமாவுக்கு வருகிறேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கனடாவுக்கு வருவதற்காக வெளிக்கிட்டவர். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், ஒரு அறையில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். "இன்னும் ரெண்டு கிழமையிலை வாறன் அக்கா," என்று வசந்தகாலத்தில் ஒரு கோல் வந்தது. அதுதான் கடைசி. பிறகு நாங்கள் வீடு மாறினோம், நம்பர் மாறியது. புது நம்பரை ஏஜென்சிக்குச் சொல்லலாம் என்றால் ஏஜென்சியே இல்லை. ஊரிலோ சண்டையில் சனமெல்லாம் இடம்பெயர்ந்து யார் எங்கே என்று தெரியாத காலம்.

எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு நீல வின்ரர் ஜக்கற் தொங்கியது. மாமா வந்து இறங்கும்போது குளிருமே என்று அப்பா வாங்கி வைத்தது. கழுத்தில் கடை மட்டைகூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்து மூடுகிறபோதெல்லாம் அது ஒருமுறை கையை ஆட்டும். அம்மா அதைக் கடந்து போகும்போது ஒரு விரலால் தொட்டுவிட்டுத்தான் போவா. ரெலிபோன் அடித்தால் ஓடுவா. "அவன் இஞ்சை வராட்டிலும் பறவாயில்லை. உயிரோடை இருக்கிறான் எண்டு மட்டும் தெரிஞ்சால் எனக்குக் காணும்," என்று சொல்லுவா. அந்த வயதிலேயே எனக்கு அது விளங்கியது. வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் பழைய கதை ஒன்று உண்டு. மாமாவுக்கு நடிப்பில் உயிர். ஊர்க் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டார்கள். மாமாவுக்கு வாள்வெட்டு வாங்கிச் சாகிற பாத்திரம். வெட்டு விழுந்து, மாமா மேடையில் சரிந்து, சாவதற்கு முன் பேசுகிற நீண்ட வசனத்தைத் தொடங்குகிற நேரம் பார்த்து, புது மாப்பிள்ளையான அப்பா மேடையேறி அவரைக் காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அடுத்த கிழமை மாமாவுக்குப் பள்ளிக்கூடச் சோதனையாம். சனம் அதுவும் நாடகம்தான் என்று கைதட்டியதாம். "நடிப்புச் சோறு போடாது," என்றாராம் அப்பா. மாமாவின் சாவு அப்படியே அரைகுறையில் நின்றுவிட்டது என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அந்தக் குளிர்காலத்தில் அவ அதைச் சொல்லவில்லை.

அப்பாவின் லீவு நாள்தான் எங்கள் நாடக நாள். ஒரு நாள், ஏழைப் பெண் சந்தையில் மரக்கறி வாங்குகிற கட்டம். பின்னால் இடுப்பில் சாரம் கட்டிய ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கும் இங்கும் நடந்தார்கள். இந்தோனேசியரும் சாரம் கட்டுகிறவர்கள்தான். அதில் ஒருவர், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டே, குதிக்காலால் சாரத்தின் கீழ்க்கரையை ஒரு தட்டுத் தட்டி எழுப்பி, கையில் ஏந்தி, முழங்காலுக்கு மேலே சண்டிக்கட்டாகக் கட்டினார்.

"தம்பி!" என்று கத்தினா அம்மா.

நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவ டெக்குக்கு முன்னால் குந்தியிருந்தா. அப்பாவைத் தவிர ஒருவரும் தொடாத டெக்கை, இரண்டு கையாலும் அமத்திப் பின்னுக்கு ஓட்டினா. திரும்பவும் குதிக்கால், திரும்பவும் கரை, திரும்பவும் சண்டிக்கட்டு. அன்ரி கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, எங்கள் நாட்டில் ஒருவரும் இப்படிக் கட்டமாட்டார்கள் என்றா.

"விசரே உனக்கு? சாரம் கட்டினவனெல்லாம் உன்ரை தம்பியோ?" என்றார் அப்பா.

"முகம் தெரியாட்டி என்ன? குதிக்கால் தெரியுதெல்லோ!"

அந்த இடத்தை அம்மா எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தா என்று சொல்ல முடியாது. ரேப்பில் அந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கீறல் நிரந்தரமாக விழுந்துவிட்டது.

அடுத்த ரேப்பில் மாமாவுக்குப் பதவி உயர்வு. கொண்டைக்காரி வீட்டு வாசற்காவலாளி. தொப்பி, சீருடை, மீசை. கார் வந்தால் படலையைத் திறந்து சலூட் அடிக்க வேண்டும். முகம் தெரிந்தது. ஆனால் பாதி மீசை, பாதி தொப்பி நிழல்.

"அவன்தான்," என்றா அம்மா.

"உது நல்லா மெலிஞ்ச ஆள். உன்ரை தம்பி இப்பிடி மெலியிறவனில்லை," என்றார் அப்பா.

"சாப்பாடில்லாமல் மெலிஞ்சிருப்பான்."

"சாப்பாடில்லாதவன் நாடகம் நடிச்சுக்கொண்டு நிப்பானோ?"

இப்படி ஒரு வழக்கு. அன்ரி தன் தங்கச்சியை அனுப்பி விசாரிக்கச் சொல்லலாமா என்று கேட்டா. அம்மா ஓம் என்று எழும்ப முதலே அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "ஆரும் போய் விசாரிச்சால், கடுதாசி இல்லாதவன் எண்டு பிடிச்சு அடைச்சுப் போடுவாங்கள். உவனில்லாட்டி வீண் அலைச்சல். உவனெண்டால் ஆபத்து." அம்மா, முகத்தையாவது காட்டுகிறானே, அது போதும் என்று ரேப்பை நம்பினா.

செய்தி கீழ்மாடியில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போய், அங்கிருந்து கட்டடம் முழுக்கப் பரவியது. நாடக நாளில் எங்கள் வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. அன்ரி தட்டு நிறைய இறால் அப்பளம் பொரித்துக்கொண்டு வருவா. அந்த நறுமுறுச் சத்தத்தில் வசனமே கேட்காது. மாமா படலையைத் திறந்தால் பெண்கள் கைதட்டினார்கள். "நல்ல வடிவான பொடியன்," என்றா ஒருத்தி. அம்மாவுக்குப் பெருமையோடு பயமும் பிடித்துவிட்டது. இத்தனை கண் பட்டால் என்ன ஆகும்?

சனம் போனதும் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து ரீவிப் பெட்டியை மூன்றுதரம் சுற்றினா. நாவூறு கழிக்க வேண்டிய ஆள் அதற்குள்தானே இருக்கிறார். பிறகு மிளகாயை அடுப்பில் போட்டா. ஊரில் என்றால் கமறல் கூரைக்கு மேலே போய்விடும். இங்கே அது போய் அலாரத்தின் மூக்கில் ஏறியது. வீட்டு அலாரம் கத்த, அப்பா புகை போகட்டும் என்று கதவைத் திறக்க, விறாந்தை அலாரமும் கத்த, முழுக்கட்டடமும் படிக்கட்டால் இறங்கி உறைபனியில் நின்றது. தீயணைப்பு வண்டிகள் வந்தன. அன்ரி ஜக்கற்றுக்குள் ரேப்பை அணைத்துக்கொண்டு நின்றா. வந்த வீரர்களில் ஒருவர் இருமிக்கொண்டே என்ன எரிந்தது என்று கேட்டார்.

"சொல்லடா, மாமாவுக்கு நாவூறு எண்டு," என்றா அம்மா.

அண்ணா கொஞ்சம் யோசித்துவிட்டு, "குக்கிங்," என்றான்.

ஒரு ரேப்பில் கொண்டைக்காரி மாமாவைக் கன்னத்தில் அறைந்தா. அன்றைக்கு அம்மா அன்ரியின் இறால் அப்பளத்தைத் தொடவில்லை. நாடகத்தில் ஒருத்தி அறைந்தால் எதிர்வீட்டுக்காரி என்ன செய்வா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அன்ரி வந்து, அடித்தவவுக்காகத் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னா. அதன் பிறகுதான் எதிர்வீட்டுக்கும் எங்களுக்கும் கதவு திறந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. மழைக் கட்டம். கொண்டைக்காரி சொத்துக்காரியை ஏமாற்றுகிற ரகசியத்தைக் காவலாளி மாமா கேட்டுவிட்டார். சொல்வதற்கு ஓடுகிறார். பின்னால் கறுப்புக் கார். அன்ரி வாயைப் பொத்தினா. கார் மோதியது. மாமா தெருவில் விழுந்தார். ஏழைப் பெண் ஓடிவந்து தலையை மடியில் தூக்கி வைத்தாள். கமரா முகத்துக்கு வந்தது. தொப்பி இல்லை. மழையில் நனைந்த நெற்றி, அதில் சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு. மாமா பேசினார். இந்தோனேசியனில், மூச்சு வாங்கி வாங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மேடையில் அன்றைக்குச் சாகக் கிடைக்காத அத்தனையையும் அங்கே செத்தார். கண் மூடியது. இடி இடித்தது.

நாடகம்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கண்ணீர் தாரையாக ஓடியது. நானும் அழுதேன். அப்பா செற்றிக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றவர். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. கோப்பை மட்டும் இருந்தது.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் துவாய். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா சனிக்கிழமை தவிர வேறு நாளில் தலையில் தண்ணீர் விடாதவர். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சாவு கேள்விப்பட்டால் சொந்தக்காரன் எழும்பிப் போய்த் தோய வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"ஏன் இப்ப தோய்ஞ்சனீங்கள்?" என்று கேட்டா அம்மா.

"சும்மா. வேர்த்துது."

"அவனில்லை எண்டனீங்கள்?"

அப்பா துவாயால் தலையைத் துடைத்தார். துவட்டிக்கொண்டே இருந்தார். முகம் துவாய்க்குள் இருந்தது.

"என்ன இருந்தாலும் செத்தவீடெல்லோ," என்றார் உள்ளேயிருந்து.

அம்மா அழுதுகொண்டே சிரித்தா. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சிரித்தோம். அன்ரிக்கு மட்டும் விளங்கவில்லை. அண்ணா விளக்கிச் சொன்ன பிறகு, உங்கள் அப்பா மிக நல்ல மனிதன் என்றா. எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. இன்றைக்குத்தான் விளங்குகிறது. வாயால் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு, முதல் சண்டிக்கட்டில் இருந்தே அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சிரிப்பு அடுத்த ரேப் வரைக்கும்தான். அதில் மாமா இல்லை. இருக்க முடியாதே, செத்துவிட்டார். படலையை வேறொருவன் திறந்தான். அதற்கடுத்த ரேப்பிலும் இல்லை. அதுவரை ரேப்புக்கு ரேப் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அந்தக் கதவும் அடைபட்டது. வேலை போன பிறகு தம்பி எங்கே நிற்கிறான், என்ன சாப்பிடுகிறான், யாருக்குத் தெரியும்? நாடகத்தில் செத்தவன் நிசத்திலும் இல்லாமல் போய்விட்டது போலவே இருந்தது. அம்மா ஜக்கற்றைத் தொடுவதை விட்டுவிட்டா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு பின்னேரம் அப்பா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டு, தலையிழுத்து, அண்ணாவைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினார். நான் எங்கள் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சியாரைப் போய்ப் பாக்கச் சொல்லட்டாம் எண்டு சொல்லு. எங்கட நம்பரைக் குடுக்கச் சொல்லு. அவன் என்ரை மச்சான் எண்டும் சொல்லு."

அண்ணா சொன்னான். அன்ரி, எனக்கு முதல் நாளே தெரியும் என்றா.

தங்கச்சி போனா. நாடகம் எடுக்கிற இடம் ஒரு தொழிற்சாலை மாதிரியாம். ஒரே வளவுக்குள் இந்தப் பக்கம் கலியாணம், அந்தப் பக்கம் செத்தவீடு, நடுவில் ஆசுபத்திரி. காவலாளிகள், இவர்கள் நிசக் காவலாளிகள், அவவை உள்ளே விடவில்லை. திரும்பவும் போனா, விடவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்ததாம். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போய், கலியாணக் கட்டத்துக்கு விருந்தாளிகள் எடுக்கிற வரிசையில் நின்றுவிட்டா. உடனே எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் வாழையிலையில் சுற்றிய சோற்றுப் பார்சல் கொடுக்கிற இடத்தில், மூலையில் குந்தியிருந்து சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு சாப்பிட்ட ஒருவரிடம் போய், தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினா. அதில் எங்கள் நம்பர் எழுதியிருந்தது.

ஞாயிறு காலை. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தா. ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு குரல். நான் அதை அம்மாவிடம் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தே அவவுக்கு விளங்கிவிட்டது. தோசைக் கரண்டியோடு ஓடிவந்தா. அப்பா ரெலிபோனின் ஸ்பீக்கர் பட்டனை அமத்தினார்.

"அக்கா, நான் செத்த கட்டம் பாத்தனியளோ?" என்று கேட்டார் மாமா.

இத்தனை மாதம் கழித்து முதல் வசனம் அது. அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினா. எருமை, மூதேவி, குரங்கு, எல்லாம் வந்தது. ஏசிக்கொண்டே அழுதா. மறுபக்கத்தில் மாமாவும் அழுதார். எங்கள் பழைய நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தாராம், அந்த நம்பர் இப்போது இல்லை என்று ஒரு ரெக்கோட் குரல் மட்டும் பேசியதாம். பசியில் ஒரு நாள் அந்த வளவு வாசலில் நின்றாராம். சனக்கூட்டமாக நடந்தால் சோற்றுப் பார்சல் தருவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனாராம். தயாரிப்பாளர் இந்தியப் பரம்பரைக்காரர், முகத்தைப் பார்த்துப் படலைக்கு ஏற்ற ஆள் என்றாராம். இப்போது வேலைக் கடுதாசியும் எடுத்துத் தருகிறாராம்.

"நடிப்புத்தான் அக்கா எனக்குச் சோறு போட்டது," என்றார். பிறகு குரல் சின்னதாகியது. "அத்தான் நிக்கிறாரோ?"

அப்பா ரெலிபோனுக்குக் கிட்ட வந்தார். தொண்டையைச் செருமினார். அம்மா தோசைக் கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தா.

"நல்லாச் செத்தனியடா," என்றார் அப்பா.

அடுப்பில் தோசை கரிந்தது. அலாரம் கத்தியது. அன்றைக்கு ஒருவரும் அதை நிறுத்த ஓடவில்லை.

மாமா கனடாவில் குடியேற வரவேயில்லை. வரத் தேவையில்லாமல் போய்விட்டது. செத்த காவலாளிக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருந்ததாக அந்த நாடகக்காரர் கதையைத் திருப்ப, மாமா மீசையில்லாமல் திரும்பி வந்து கொண்டைக்காரியைப் பழிவாங்கினார். அன்றைக்கு அம்மா கட்டடம் முழுக்கக் கேசரி கொடுத்தா. பிறகு ரேப் போய், மெல்லிய பிளாஸ்ரிக் உறையில் வட்டத் தட்டுகள் வந்தன. பிறகு அதுவும் போய், எல்லாம் போனுக்குள் வந்தது. ரீவி நாடகங்களில் கமரா தூக்கி ஓடித்திரிந்த பொடியன்மார் பெரிய படம் எடுக்கத் தொடங்கினார்கள். மாமாவும் அவர்களோடு கிழவனானார். நீல ஜக்கற்றை அண்ணா வளர்ந்து போட்டுக் கிழித்தான். ஒரு ஆடி மாத வெயிலில் மாமா எங்களைப் பார்க்க வந்தபோது முதல் கேட்டது, "எங்கை என்ரை ஜக்கற்?"

டெக் எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறி வீடு மாறி எங்கோ தவறிவிட்டது. வெள்ளை மூடி மட்டும் அம்மாவிடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. இந்தோனேசியக்காரருக்கு மாமாவைச் சாகக் கொடுப்பதில் என்ன ஆசையோ, படத்துக்குப் படம் சாகிறார். பேய் கொன்றது, பாம்பு கொன்றது, சொந்த மகன் கொன்றான். ஒவ்வொரு முறையும் அப்பா எழும்பிப் போய்த் தோய்ந்துவிட்டு வருவார். "நடிப்புத்தானே அப்பப்பா," என்று பேரப்பிள்ளைகள் சொன்னால் காதில் விழாத மாதிரிப் போவார். இப்போது எண்பது தாண்டி, விட்பி நகரில் அண்ணாவோடு இருக்கிறார். தலையில் ஈரம் வைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, மூன்றுதரம் தண்ணீர் தெளித்துத் துவாயால் ஒற்றிக்கொள்வார்.

மகள் சொன்ன அந்தப் பேய்ப்படத்திலும் மாமா இருந்தார். அதற்குத்தான் போன கிழமை எல்லாரும் போனோம். விட்பியில் இருந்து அண்ணா இரண்டு காரில் ஆட்களை ஏற்றி வந்தான். எதிர்வீட்டு அன்ரி, அவ எங்கே வீடு மாறினாலும் எங்களுக்கு எதிர்வீட்டு அன்ரிதான், கைப்பைக்குள் இறால் அப்பளத்தை ஒளித்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தா. தியேட்டர் நிறைய எல்லா நிறத்திலும் இளம்பிள்ளைகள். அப்பாவின் மடியில் ஒரு பலசரக்குக் கடைப் பை. அதற்குள் துவாய்.

பேய் வீடு ஒன்றின் வாசற்காவலாளி மாமா. என்னவென்று சொல்வது, முப்பது வருசத்துக்குப் பிறகும் படலைதான். அவரைக் கண்டதும் அப்பா பையில் இருந்து துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இப்படியான படத்தில் காவலாளி முதல் அரைமணியில் முடிந்துவிடுவான் என்று அவருக்கும் தெரியும். பேய் வந்தது. ஒவ்வொருவராக விழுந்தார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். என் மகள் என் கையைப் பிய்த்தாள். மாமா விழவில்லை. அப்பா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். கடைசியில் விடிகிற நேரம், தப்பி ஓடிவருகிற பெண்ணுக்கு மாமா படலையைத் திறந்துவிட்டார். அவள் போனதும் தானும் வெளியே வந்தார். குதிக்காலால் சாரத்தின் கரையை ஒரு தட்டுத் தட்டி எழுப்பி, சண்டிக்கட்டாகக் கட்டி, வெளிச்சத்துக்குள் நடந்து போனார். படம் முடிந்தது.

தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. அம்மாவும் அன்ரியும் கையைக் கோத்தபடி அழுதார்கள். வெளி விறாந்தைக்கு வந்ததும் அப்பா மகளிடம், "பிள்ளை, மாமாத்தாத்தாவுக்கு எடு," என்றார். ஜகார்த்தாவில் காலை. மாமா பல் விளக்கிக்கொண்டிருந்த நுரை வாயோடு திரைக்கு வந்தார்.

"அத்தான், எப்பிடி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்னும் அப்பாவிடம்தான் கேட்கிறார்.

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து, விரித்து, போனுக்கு முன்னால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"பாரடா," என்றார், "காய்ஞ்சபடி கிடக்கு."